வெயிலை மறந்த வீடுகள்: வைட்டமின் டி குறைபாடும் நம் பொறுப்பும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று மஃரிபுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் மார்க்கக் கல்வி ஆகியவை குறித்து நாம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு அதற்கு மாறாக உடல்நலம் குறித்துச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம். உடல் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம் என்று மிம்பரில் நின்று பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்த அமானிதத்தைப் பேணுவதில் நாமே தவறிய ஒரு நிகழ்ச்சிதான் இந்த உரைக்குக் காரணம்.

முதலில் நம் பள்ளியின் பின் ஸஃப்பைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் இங்கே பொறுப்பேற்றபோது நாற்காலியில் அமர்ந்து தொழுதவர்கள் மூவர் மட்டுமே. இன்று ஜும்ஆ நாளில் நாற்காலிகள் போதவில்லை என்று நிர்வாகத்திடம் முறையீடு வருகிறது. அறுபதைக் கடந்தவர்கள் மட்டுமல்ல, ஐம்பதை எட்டாதவர்களும் ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்ப முடியாமல் கையை ஊன்றித் தடுமாறுகிறார்கள். இவர்கள் அனைவருக்கும் ஒரே நோய் என்று நாம் சொல்லவில்லை. மூட்டுத் தேய்மானம், உடற்பருமன், சர்க்கரை நோய் என்று காரணங்கள் பல. ஆயினும் எளிதில் கண்டறியக்கூடிய, எளிதில் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் நம்மிடையே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அதுவே வைட்டமின் டி குறைபாடு.

ஓதிக் கொடுத்த தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த ஓர் அம்மா கையில் தண்ணீர்ப் புட்டியுடன் பள்ளி வாயிலில் நின்றிருந்தார்கள்.

"ஹஜ்ரத், எம் மருமவளுக்கு இடுப்பு வலி, தொடை வலின்னு ஓயாத பேச்சு. உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குறா. யாரு கண்ணு பட்டுச்சோ, ஓதி ஊதிக் குடுங்க" என்றார்கள்.

நாமும் ஓதிக் கொடுத்தோம். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் கூறி அனுப்பினோம். அதன்பின் மூன்று முறை அந்த அம்மா வந்தார்கள். மூன்று முறையும் அதே தண்ணீர், அதே அறிவுரை. கடைசி முறை அவர்களின் குரலில் சலிப்புத் தெரிந்தது. மருமகள் வீட்டு வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று வீட்டார் கருதத் தொடங்கியிருந்தார்கள். நாமும் அதை மறுத்துரைக்கவில்லை.

அந்தச் சகோதரிக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. கணவர் சபுராளி, வளைகுடாவில் வேலை. குடியிருப்பதோ அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேன் வாசலுக்கே வந்துவிடும். சாமான்களைக் கடைப்பையன் கொண்டு வந்து தருவான். வாரக்கணக்கில் அவர் மீது வெயில் படுவதற்கு வாய்ப்பே இல்லை. ஒருநாள் அதிகாலையில் ஒளூச் செய்யும்போது கால் இடறி விழுந்தார். சாதாரண வீழ்ச்சிதான், ஆனால் தொடை எலும்பு முறிந்துவிட்டது. முப்பத்து நான்கு வயதில் இவ்வளவு எளிதாக எலும்பு முறியலாகாதே என்று ஐயுற்ற மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான், அவரது உடலில் வைட்டமின் டி அறவே குறைந்து, எலும்புகள் மென்மையாகிப் போயிருந்தது தெரிய வந்தது. எலும்பு மென்மை நோய் என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஈராண்டுக் காலம் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்திருக்கிறது.

அல்ஹம்து லில்லாஹ், இன்று அவர் நலமாக நடமாடுகிறார். அவருடைய அனுமதியைப் பெற்றே இதைச் சொல்கிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஓதிக் கொடுத்த கையோடு, மருத்துவரிடமும் காட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியது நம் கடமை. அக்கடமையில் நாம் தவறினோம். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இந்தச் சபையிலும் அதைச் சொல்லிக் கொள்கிறோம்.

இந்த வைட்டமின் எங்கிருந்து வருகிறது?

மற்ற வைட்டமின்கள் பெரும்பாலும் உணவிலிருந்து கிடைக்கின்றன. வைட்டமின் டி மட்டும் பெருமளவில் நம் தோலிலேயே உருவாகிறது. சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களில் ஒரு வகை தோலின் மீது படும்போது, தோலில் உள்ள கொழுப்புப் பொருளொன்று வைட்டமின் டி-யாக மாறுகிறது. பின்னர் கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்து, உடல் பயன்படுத்தும் நிலையை எய்துகிறது.

அதன் தலையாய பணி, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக் கொள்ள உதவுவது. வைட்டமின் டி போதிய அளவு இருந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடலில் சேரும். அது இல்லையேல் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகவே சேரும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் இயங்கா. எனவே உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது. சேமிப்பை எடுத்துச் சாப்பிடும் குடும்பத்தைப் போல, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பு கரைந்து கொண்டேயிருக்கும்.

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள இத்தொடர்பை உலகம் அறிந்து அதிகக் காலமாகவில்லை. போலந்து நாட்டு மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி 1822-இல், வார்சா நகரக் குழந்தைகளின் கால் எலும்பு வளைவதற்கு வெயிலின்மையே காரணம் என்று எழுதினார். ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் 1919-இல் பெர்லினில் புறஊதா விளக்கொளி கொண்டே அத்தகைய குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். மீன் ஈரல் எண்ணெயில் இந்நோயைத் தீர்க்கும் பொருளை 1922-இல் கண்டறிந்து, அதற்கு வைட்டமின் டி என்று பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் மெக்கோலம்.

வெயில் கொளுத்தும் நாட்டில் குறைபாடா?

"பனி பெய்யும் நாட்டுக்காரனுக்கு வரும் நோய் நமக்கு எப்படி வரும், ஹஜ்ரத்?" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் பெரிதும் மாற்றியது. நோய் எதுவுமின்றி நடமாடிய மருத்துவர்கள், செவிலியர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். வெட்டவெளியில் பயிற்சி செய்யும் இராணுவ வீரர்களிடமோ அளவு கூடுதலாக இருந்தது. ஊர் ஒன்று, வெயில் ஒன்று. வெயிலில் நின்றவர்களுக்கும் கூரைக்குள் இருந்தவர்களுக்கும் இடையேதான் வேறுபாடு. ஊரில் வெயில் அடித்தால் மட்டும் போதாது, உடல் மீது அடிக்க வேண்டும் என்பதே அந்த ஆய்வு தரும் பாடம்.

யார் யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மருத்துவர்களிடம் கேட்டறிந்து இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவதாக, பகல் முழுதும் கட்டடத்துக்குள் இருப்பவர்கள். இல்லத்தரசிகள், அலுவலகப் பணியாளர்கள், கடையில் அமர்ந்திருப்போர், இரவுப் பணி செய்வோர் ஆகியோர் இதில் அடங்குவர். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை. வைட்டமினை உருவாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

இரண்டாவதாக, முதியோர். வயது ஏற ஏறத் தோலின் ஆற்றல் குறைகிறது. எழுபது வயதுத் தோல், இளைஞரின் தோல் உருவாக்குவதில் கால் பங்கு அளவையே உருவாக்குகிறது.

மூன்றாவதாக, கருநிறத் தோலுடையோர். தோலின் கருமை வெயிலின் கேட்டிலிருந்து நம்மைக் காக்கும் இயற்கைக் குடை. அதனாலேயே வெள்ளைத் தோலுடையோரைவிட நாம் கூடுதல் நேரம் வெயிலில் இருக்க வேண்டியுள்ளது. நம் பெண்மக்களோ கறுத்துவிடுவோம் என்று அஞ்சி அந்தக் குறைந்த நேரத்தையும் தவிர்க்கிறார்கள்.

நான்காவதாக, உடற்பருமன் உடையோர். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. ஆதலால் உடலின் கொழுப்பிலேயே அது தங்கிவிட, இரத்தத்தில் அளவு குறைகிறது.

ஐந்தாவதாக, சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகியவற்றில் நாட்பட்ட நோயுடையோரும், வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் உரிய சில மருந்துகளையோ ஸ்டீராய்டு மருந்துகளையோ நெடுநாள் உட்கொள்வோரும். இவர்கள் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் அளவைச் சரிபார்த்துக் கொள்வதே முறை.

ஆறாவதாக, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும். தாயிடம் குறைந்தால் பிறக்கும் பிள்ளையிடமும் குறையும்.

இப்பட்டியலை நம் மஹல்லா மருத்துவர் படித்துக் காட்டிவிட்டு, "ஹஜ்ரத், தாங்களும் இதில் வருகிறீர்கள்" என்றார். ஃபஜ்ருத் தொழுகை, பிறகு மக்தப், பிறகு சிறிது ஓய்வு, ளுஹர் முதல் இஷா வரை பள்ளிக்குள்ளேயே வாசம். வெளியே சென்றாலும் தலைப்பாகையும் கணுக்கால் வரை ஜுப்பாவும். பரிசோதித்துப் பார்த்ததில் நம் அளவு 11 நானோகிராம் என்று வந்தது. பொதுவாக 20-க்குக் குறைவாயிருந்தால் குறைபாடு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பர்தாவின் மீது பழியா?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். அதை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. உடலை மறைக்கும் உடையால்தான் நம் பெண்களுக்கு இக்குறைபாடு வருகிறதா?

காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர் 1928-இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். வீட்டுக்குள் அடைந்து வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகிச் சுருங்கி, அவர்கள் பிரசவத்தில் துன்புற்று உயிரிழந்ததை அவர் நேரில் கண்டவர். திறந்த வெளியில் உழைத்த பெண்களுக்கு அத்துன்பம் நேரவில்லை என்பதையும் கண்டார். ஒளியின்மையே காரணம் என்பது அவரது முடிவு. அக்காலத்தில் அவ்வாறு அடைந்து வாழும் வழக்கம் முஸ்லிம்களிடம் மட்டுமன்றி, வட இந்தியாவின் வசதி படைத்த இந்துக் குடும்பங்களிலும் இருந்தது. அண்மைக் காலத்திலும், டென்மார்க்கில் குடியேறிய, உடல் முழுதும் மறைத்து உடுத்தும் அரபுப் பெண்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அவர்களின் தசை வலிமை குன்றியிருந்ததையும், வைட்டமின் டி கொடுத்தபின் அது மேம்பட்டதையும் காட்டியது.

ஆகவே உடலை மறைப்போருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் டில்லியில் குறைபாடு கண்டறியப்பட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் பர்தா அணிந்தவர்களல்லர். ஜுப்பாவுக்குள் இருக்கும் நமக்கும் குறைபாடுதான், சட்டை அணிந்து குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கும் குறைபாடுதான்.

நம் பாட்டிமார்களை எண்ணிப் பாருங்கள். அவர்களும் கோஷா பேணியவர்கள்தாம். ஆனால் அவர்கள் வாழ்ந்த வீட்டின் நடுவே முற்றம் இருந்தது. அன்னிய ஆடவர் பார்வை படாத அந்த முற்றத்தில்தான் அரிசி புடைத்தார்கள், வற்றல் காயப்போட்டார்கள், தலை உலர்த்தினார்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தார்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே முடுக்குகளை அமைத்திருந்தார்கள். மறைவும் இருந்தது, வானமும் இருந்தது. நாம்தான் முற்றத்தை மூடிக் கான்கிரீட் தளம் போட்டோம். வீட்டை விற்று அடுக்குமாடிக்குப் போனோம். மறைவை வைத்துக் கொண்டு வானத்தை மட்டும் எடுத்துவிட்டோம். மார்க்கம் பெண்களை மறைந்திருக்கச் சொன்னதேயன்றி, வெயிலைவிட்டு விலகியிருக்கச் சொல்லவில்லை.

நிழல் காட்டும் நேரம்

எந்த நேரத்து வெயில் பயன் தரும்? காலை ஆறு மணி இளவெயில் நல்லது என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். அந்நேரத்தில் நடப்பது உடலுக்கு நன்று. ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது வைட்டமினை உருவாக்கும் கதிர் நம்மை வந்தடைவதில்லை.

இதற்கு அறிவியலாளர் கூறும் எளிய அளவுகோலைக் கேட்டபோது நமக்கு வியப்பு மேலிட்டது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ள நேரம் என்கிறார்கள். நிழலை அளப்பது நமக்குப் புதிதா என்ன? ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்து, அதன் உயரத்திற்குச் சமமானால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் நேரம் தொடங்குகிறது. இரு மடங்கானால் இமாம் அபூஹனீஃபா அவர்களின் கூற்றுப்படி அஸர். மணிக்கூடு இல்லாத காலத்தில் பள்ளி முற்றத்தில் குச்சியை நட்டு முஅத்தின் பார்த்த அதே நிழல்தான் இதுவும். தமிழகத்தில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகலை ஒட்டி நிழல் நம்மைவிடக் குட்டையாகவே விழுகிறது. ஐரோப்பியருக்குக் குளிர்காலத்தில் கிட்டாத இப்பேறு நமக்கு ஆண்டு முழுதும் கிடைக்கிறது.

ஆயினும் சித்திரை, வைகாசி வெயிலில் உச்சிப் பொழுதில் நிற்கச் சொல்வோர் எவருமில்லை. முற்பகலில் நிழல் குறுகத் தொடங்கும் ளுஹா நேரம், ஏறக்குறைய ஒன்பதரை முதல் பதினொரு மணி வரை, நமக்கு ஏற்றது. முகமும் கைகளும், மறைவான இடமாயின் கால்களும் வெயில் படும்படி, வாரத்தில் சில நாட்கள் அரை மணி நேரம் இருந்தால் பெரும்பாலோருக்கு நல்ல பயன் உண்டு. தோல் எரியும் வரை நிற்க வேண்டியதில்லை. முதியோரும் இதய நோயாளிகளும் வெப்பம் மிகுந்த நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும்.

உணவும் மருந்தும்

உணவில் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் இந்த வைட்டமின் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவிலும் ஈரலிலும் சிறிதளவு உண்டு. வாரந்தோறும் பிரியாணி உண்பதால் இது கிடைத்துவிடாது. வைட்டமின் ஏ, டி சேர்த்துச் செறிவூட்டிய பாலும் சமையல் எண்ணெயும் கடைகளில் கிடைக்கின்றன. உறையில் கூட்டல் குறியும் எஃப் என்ற எழுத்தும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உணவால் மட்டும் தேவை முழுதும் நிறைவேறுவது அரிது.

மருந்தைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இது சர்வரோக நிவாரணி அன்று. அமெரிக்காவில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2018-இல் முடிவு வெளியான ஆய்வில், பொதுவாக நலமுடன் இருப்போருக்கு வைட்டமின் டி மாத்திரை புற்றுநோயையோ மாரடைப்பையோ தடுக்கவில்லை. அதே ஆய்வின் 2022-ஆம் ஆண்டு முடிவுப்படி எலும்பு முறிவையும் குறைக்கவில்லை. குறைபாடு உள்ளவருக்கு மருந்து. இல்லாதவருக்கு வீண் செலவு. நலமாயிருப்போர் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்றே 2024-இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதலும் கூறுகிறது. இடுப்பு, தொடை, முதுகு எலும்புகளில் நாட்பட்ட வலி, தரையிலிருந்து எழவோ படியேறவோ இயலாத தளர்ச்சி, அடிக்கடி விழுதல் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

மற்றொன்று, அளவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட்டும், எழுபதைக் கடந்தவர்களுக்கு 800 யூனிட்டும் போதுமென்று அமெரிக்க நிபுணர் குழு 2010-இல் வகுத்தது. மருத்துவ மேற்பார்வையின்றி 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது என்றும் அக்குழு கூறியது. நம் மருந்துக் கடைகளில் விற்பதோ 60,000 யூனிட் கொண்டது. குறைபாடுள்ளவர் வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் மட்டும் உட்கொள்ள மருத்துவர் எழுதித் தருவது அது. அதைத் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதாகும். ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே முறையாக ஐந்து இலட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. அவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடியே இருந்தன. வெயிலினால் இந்த வைட்டமின் மிகுந்துவிடும் அச்சமில்லை. தேவைக்கு மிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடுகிறது.

மாத்திரை ஹலாலா என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். இந்த வைட்டமின் பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. ஐயம் எழுவது ஜெலட்டின் உறையில்தான். அத்தகையோர் பொடியாகவோ சொட்டு மருந்தாகவோ கேட்டு வாங்கலாம். ஐயத்தைக் காரணம் காட்டி மருந்தையே விட்டுவிடாதீர்கள்.

ஜமாஅத்தாருக்கு நம் வேண்டுகோள்

முதல் வேண்டுகோள் ஆண்களுக்கு. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆளுயர மறைப்பு ஒன்றை எழுப்பிக் கொடுங்கள். அடுக்குமாடியில் இருப்போர் கூடிப் பேசி, முற்பகலில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்குங்கள். சுற்றுலாவுக்கும் விருந்துக்கும் செலவிடுவதில் சிறு பகுதி இதற்குப் போதும்.

இரண்டாவது, நிர்வாகத்தாருக்கு. நம் பள்ளியின் மேல்தளம் பகலில் வெறுமையாகவே கிடக்கிறது. முற்பகலில் முதியோர் அமர்ந்திருக்க அங்கே இருக்கைகள் போட்டுக் கொடுக்கலாம். விடுமுறை நாட்களில் மக்தப் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு பகுதியைத் திறந்த வெளியில் நடத்த நாம் ஆயத்தமாக இருக்கிறோம். மருத்துவர் பரிந்துரைத்தும் பரிசோதனைக்கு வழியில்லாத ஏழைகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுவதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

மூன்றாவது, மாமியார்களுக்கும் கணவர்மார்களுக்கும். வீட்டில் ஒரு பெண் வலிக்கிறது என்று சொன்னால், முதலில் அவளை நம்புங்கள். சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தீர்ப்புச் சொல்ல நாம் மருத்துவர்களல்லர்.

இறுதியாக, நம்மைப் பற்றி. இன்றும் தண்ணீர்ப் புட்டியுடன் தாய்மார்கள் வருகிறார்கள். இன்றும் ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் புட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எத்தனை நாளாக வலி, மருத்துவரிடம் காட்டினீர்களா, வெயிலில் நிற்கிறாரா என்று மூன்று கேள்விகளைக் கேட்காமல் அனுப்புவதில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ், அவன் தந்த வெயிலையும் உடலையும் உரிய முறையில் பேணி, இறுதி வரை நின்ற நிலையிலேயே அவனைத் தொழும் வலிமையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.